புள்ளி எட்டு தங்கூசி

திருவொற்றியூர் குப்பம்
2.2.2024

அன்புத் தம்பி ஜெகதீசனுக்கு,

அக்கா ரேகா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் குட்டிப்பெண் மகிழினியும் சுகமாக இருக்கிறோம். பாராதீப் துறைமுகத்துப் பனி உன் நெஞ்சுச் சளியைக் கிளறாமல் இருக்க வடிவுடையம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பொங்கலன்று நாம் போனில் போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டது. உன் மாமா போனைப் பிடுங்கிவைத்துக்கொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் வாய் ஆவாது. எழுதிக்கோங்க. எழுதுனா கை வலிக்கும், திட்டு கொறையும்" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து வருஷத்துக்கு ஒரு புத்திதான் வரும். இந்த வருஷத்துக்கு இதுதான் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டேன்.

விஷயம் நீ இங்கே விட்டுப்போன அந்த வேன்தான். ஆடியில் லீவுக்கு வந்து ராயபுரம் லூயிஸுக்கு விற்றுவிடுவேன் என்கிறாய். விற்காதே. எனக்கு அது வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

அங்கம்மாக்காவும் அவர் செட்டில் இருக்கும் நாலு பெண்களும் காசிமேட்டில் மீன் எடுத்துப் பெரம்பூர் மார்க்கெட்டில் விற்கிறார்கள். தண்டபாணியின் குட்டியானை மினி லாரியில்தான் போக்குவரத்து. பின்னால் ஐஸ் தண்ணீரில் உட்காரவைக்கிறான். பெரிய லோடு ஒன்று கிடைத்தால் இவர்களைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறான். என் வேனில் வாருங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன். அங்கம்மாக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "வர்றோம்மே. ஆனா வண்டி பாலத்துல ஒரு தபா நின்னுச்சுன்னா அதோட அவ்ளோதான். மீனு உனக்காவ காத்துகினு கெடக்காது" என்றார்.

அவர்கள் வந்தால் நான் இறால் கம்பெனியை விட்டுவிடலாம். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை வைத்து உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெந்துபோய்க் கிடக்கிறது.

சமதளத்தில் வேன் சொகுசாக ஓடுகிறது. லோடு ஏற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் பாலத்தில் ஏறினால் இருமுகிறது, திக்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. இங்கே உள்ள மெக்கானிக் "என்ஜின் காலி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். நீ என்ஜினோடு குடும்பம் நடத்துகிறவன். என்ன செய்யலாம், சொல்.

மகிழினி உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதனால் எழுதவில்லை.

உன் அக்கா,
ரேகா


பாராதீப்
13.2.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஜெகதீசன் வணக்கம். சளி இல்லை. சாப்பாடுதான் கடுகெண்ணெயில் மிதக்கிறது. மாமாவுக்கும் மகிழினிக்கும் என் அன்பு.

நான் வேலை செய்யும் டக் போட்டின் என்ஜின் நம் வீட்டைவிடப் பெரியது. கப்பலையே இழுக்கும். அதைப் பார்த்தவனிடம் மாருதி வேனைப் பற்றிக் கேட்கிறாய். டீசல் என்ஜினில் ஸ்பார்க் ப்ளக்கே கிடையாதே, இவனுக்கு என்ன தெரியும் என்று மாமா சொல்வார். சொல்லட்டும். இங்கே வருவதற்கு முன்னால் பைபர் போட்டில் அவுட்போர்டு என்ஜின் ஓட்டியவன் நான். கடலில் ஆடிக்கொண்டே ப்ளக் மாற்றியிருக்கிறேன்.

உன் கோளாறு ப்ளக்கில்தான் இருக்கிறது. ப்ளக் முனையில் நடுவே ஒரு கம்பி இருக்கும். அதன் மேல் வளைந்து ஒரு கொக்கி. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டித்தான் நெருப்புப் பொறி விழும். என் வேன் கேஸில் ஓடுவது. கேஸைப் பற்றவைக்கப் பொறி பெட்ரோலைவிட அதிகம் பாடுபட வேண்டும். லோடு ஏறினால் இன்னும் பாடு. ஓடி ஓடித் தேய்ந்து இடைவெளி அகன்றுபோனால் பொறி தாண்டாது. அதுதான் பாலத்தில் இருமுகிறது.

மூன்று ப்ளக்கும் புதுசு வாங்கு. இடைவெளியை மில்லிமீட்டரில் புள்ளி எட்டுக்கு வை, பெட்ரோலுக்கு வைக்கிற அளவு வேண்டாம். கேஸுக்குச் சூடும் அதிகம். அதனால் இப்போது இருப்பதைவிட ஒரு நம்பர் ஏற்றி வாங்கு. நம்பர் ஏறினால் ப்ளக் சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும். அவுட்போர்டில் எனக்குப் பழகின கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஆனால் அக்கா, ஆடி ஆடிதான். உப்புக்காற்றில் என் வேன் துருவாக உதிர்வதற்குள் விற்றாக வேண்டும். அதற்குள் நீ ஓட்டிக் காட்டினால் அப்போது பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஜெகதீசன்


திருவொற்றியூர் குப்பம்
27.2.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். இன்றைக்கு வேண்டுமென்றே மூன்று தடவை எழுதுகிறேன். அவ்வளவு சந்தோஷம்!

நானே கழற்றினேன். உன் மாமா டார்ச் பிடித்தார். நீ சொன்னது நிஜம்தான், கொக்கிக்கும் கம்பிக்கும் நடுவில் என் நகம் போய் வந்தது. பழைய ப்ளக்கில் ஆறாம் நம்பர் போட்டிருந்தது. பிலால் பாய் கடையில் அந்தக் கம்பெனி சரக்கு தீர்ந்துவிட்டதாம். வேறு கம்பெனியில் இதற்கு ஈடு ஏழு என்றார். தம்பி ஒரு நம்பர் ஏற்றச் சொன்னான் என்று எட்டு வாங்கிவந்தேன்.

அடுத்து புள்ளி எட்டு. அதை அளக்க ஃபீலர் கேஜ் என்று ஒரு தகடு உண்டாமே. மெக்கானிக்கிடம் கேட்டேன். "அதெல்லாம் பொம்பளைங்க கைல குடுக்குற சாமான் இல்லமே" என்றான். போடா என்று வந்துவிட்டேன். அவன் ஹாக்ஸா பிளேடை விட்டுத்தான் எல்லா வண்டிக்கும் அளக்கிறான், நானே பார்த்திருக்கிறேன். அவனிடம் எங்கே கேஜ்?

வீட்டுக்கு வந்தால் உன் மாமா தூண்டிலுக்குத் தங்கூசி கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நைலான் நரம்பு சுற்றிய உருளையில் பெரிய எழுத்தில் 0.80 என்று போட்டிருக்கிறது. அடப்பாவி! மில்லிமீட்டர் கணக்கில் நரம்பை விற்கிற ஊரில் பிறந்துவிட்டு இரும்புத் தகட்டுக்கு நான் எதற்குக் கெஞ்ச வேண்டும்? ஒரு சாண் நறுக்கினேன். கொக்கியை மரக்கட்டையில் மெதுவாகத் தட்டி, தங்கூசியைச் செருகி இழுத்துப் பார்த்தேன். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், வழுக்கவும் கூடாது, மாட்டவும் கூடாது. மூன்றுக்கும் அப்படியே வைத்தேன்.

வேன் பாலத்தில் பறந்தது. வெறும் வண்டிதான். ஆனாலும் பறந்தது! திங்கட்கிழமை முதல் அங்கம்மாக்கா செட் ஏறுகிறது. கம்பெனி மேஸ்திரியிடம் இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மகிழினியின் முத்தம் இத்துடன் வருகிறது. என்னுடையதும்.

ரேகா


பாராதீப்
8.3.2024

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை இங்கே கேண்டீனில் சத்தமாகப் படித்தேன். சீஃப் என்ஜினியர் டீயைத் துப்பிவிட்டார். தங்கூசியில் ப்ளக் அளந்த ஒரே மனுஷி உலகத்தில் நீதானாம்.

அக்கா, அது பிளாஸ்டிக். நசுங்கும். புள்ளி எட்டு என்று நீ வைத்தது புள்ளி ஏழாக இருக்கும், புள்ளி ஆறாகவும் இருக்கும். மரியாதையாக ஒரு கேஜ் வாங்கு. நாளைக்கு என் வேன் நடுரோட்டில் நின்றால் தங்கூசியில் கட்டித்தான் இழுக்க வேண்டும்.

மற்றபடி பறந்ததில் சந்தோஷம். ப்ளக் நம்பர் யார் சொன்னது என்பதை அங்கம்மாக்காவிடம் மறக்காமல் சொல். மகிழினிக்கு இங்கிருந்து ஒரு சங்கு எடுத்துவைத்திருக்கிறேன்.

ஜெகதீசன்


பாராதீப்
4.4.2024

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் எழுதி ஒரு மாதம் ஆகப்போகிறது. மாமாவுக்குப் போன் போட்டேன். "உங்க அக்காவ கேளு" என்று வைத்துவிட்டார். கேலி செய்ததற்குக் கோபமா? லூயிஸ் வேறு வண்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒரு வரி எழுது.

ஜெகதீசன்


திருவொற்றியூர் குப்பம்
12.4.2024

தம்பிக்கு,

இருக்கிறோம்.

நீ லூயிஸுக்கே கொடுத்துவிடு.

இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் அஞ்சு பேரும் அன்னக்கூடைகளோடு உட்கார்ந்திருக்க, பாலத்தில் பாதி ஏறியதும் என்ஜினுக்குள் யாரோ ஜல்லியை வாரிப் போட்டு ஆட்டுகிற மாதிரி டக் டக் டக் என்று சத்தம். இருமல் இல்லை, திக்கல் இல்லை, இது வேறு. சூட்டு முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. இழுவை செத்துப்போய் நின்றுவிட்டது. வெயில் ஏறிவிட்டது. ஐஸ் கரைந்து மீன் தண்ணீர் பாலத்தில் ஓடியது. பின்னாலேயே தண்டபாணி வந்தான். "இன்னாமே ரேகா, பாலத்து மேலயே கடை போட்டுக்கினியா?" என்று சிரித்தான். "ஏறுங்க ஏறுங்க, மீனு நாறுறதுக்கு முன்னாடி ஏறுங்க."

ஏறிவிட்டார்கள். அங்கம்மாக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுவாரமே இறால் கம்பெனிக்குப் போய் நின்றேன். மேஸ்திரி கடைசி வரிசையில் உட்காரவைத்தான். ஐஸ் உருகி ஓடுகிற பக்கம்.

இடைவெளியில் தப்பில்லை. ப்ளக்கைக் கழற்றித் திரும்பவும் தங்கூசி விட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. ஆனால் உள்ளே இருக்கும் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய்ப் பொட்டுப் பொட்டாக இருக்கிறது. இதையும் உன் கேண்டீனில் படித்துச் சிரியுங்கள்.

ரேகா


பாராதீப்
19.4.2024

அக்கா,

வெளுத்துப் பொட்டுப் பொட்டாக இருக்கிறதா? நீ பார்த்தது நிஜந்தானே?

பழைய ப்ளக், புது ப்ளக் இரண்டிலும் என்னென்ன எழுத்து, என்னென்ன எண் போட்டிருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. என்ஜினை ஸ்டார்ட் பண்ணாதே. லூயிஸ் வந்து கேட்டால் சாவி கொடுக்காதே.

இதை நான் கேண்டீனில் படிக்கவில்லை.

விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறாயா?

ஜெகதீசன்


திருவொற்றியூர் குப்பம்
3.5.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா ரேகா எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம். விரலும் பரவாயில்லை. தடைக்காலம் என்பதால் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை, கம்பெனியிலும் இறால் குறைவு.

நீ கேட்டபடி எழுத்தையும் எண்ணையும் எழுத உட்கார்ந்தேன். பழையதில் ஆறு. புதியதில் எட்டு. எழுதும்போது பக்கத்தில் உன் மாமா தூண்டில் பெட்டியைத் திறந்துவைத்து, "பெரிய முள்ளு வேணும், நம்பர் கொறைச்சலா எடு" என்று மகிழினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் எடுத்துக்கொடுத்தாள். எனக்கு மண்டையில் மணி அடித்தது.

தூண்டில் முள்ளுக்கு நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். தங்கூசிக்கு நம்பர் ஏற ஏற நரம்பு தடிக்கும். இரண்டும் ஒரே கடையில், ஒரே கண்ணாடிப் பெட்டியில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பால்பல் விழுந்த வயதிலிருந்து வாங்குகிறோம், ஒரு நாளும் குழம்பினதில்லை. ப்ளக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் மட்டும் ஒரே பக்கமாகவா எண்ணுவார்கள்?

நேரே பிலால் பாய் கடைக்குப் போனேன். "பாய், இந்தக் கம்பெனில நம்பர் ஏறுனா சூடு இறங்குமா, ஏறுமா?" என்று கேட்டேன். அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏறும்மா. அவன் ஒரு பக்கம் எண்ணுவான், இவன் எதிர்ப்பக்கம் எண்ணுவான். நீ எட்டுன்னே, நான் எட்டைக் குடுத்தேன்" என்றார். குளிர்ந்த ப்ளக் வேண்டும் என்றால் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கியிருக்க வேண்டும். நான் எட்டுக்கு ஏறியிருக்கிறேன். ப்ளக் முனை கொள்ளிக்கட்டையாகப் பழுத்து, பொறி விழும் முன்னாலேயே கேஸைப் பற்றவைத்திருக்கிறது. அதுதான் அந்த ஜல்லிச் சத்தம்.

ஆறு வாங்கிவிட்டேன். தங்கூசி விட்டு இடைவெளி வைத்துவிட்டேன். என்ஜினை நிறுத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று, உள்ளே வேறு சேதம் இல்லை. தண்ணீர் கேன் அடுக்கி, உன் மாமாவையும் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினேன். ஒரு முனகல்கூட இல்லை.

யார் எங்கே தப்பு செய்தார்கள் என்றெல்லாம் எழுதத் தாளில் இடம் இல்லை. இத்துடன் முடிக்கிறேன்.

உன் அக்கா


பாராதீப்
18.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெகதீசன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் மகிழினியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

தாளில் இடம் இல்லை என்று எழுதியிருந்தாய். பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் இருந்தது, அக்கா. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதாமல் விட்டது எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்ன வாய் யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

இங்கே வலைக்கடையில் புள்ளி எட்டு தங்கூசி வாங்கி, எங்கள் ஸ்டோர் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். முறுக்கி, இழுத்து, நாலு இடத்தில் அளந்தேன். எல்லா இடத்திலும் சரியாகவே காட்டியது. சீஃப் என்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தேய்ந்துபோன ப்ளக்குக்குத் தட்டைத் தகட்டைவிட உருண்டைக் கம்பிதான் நல்லது என்று அவரே சொன்னார். இந்தத் தடவை டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

அங்கம்மாக்கா திரும்ப ஏறுவாரா? ஒரு தடவை நின்ற வண்டியை மீன்காரப் பெண்கள் மறக்க மாட்டார்கள். என்ன செய்யப்போகிறாய்?

உன் தம்பி,
ஜெகதீசன்


திருவொற்றியூர் குப்பம்
25.6.2024

என் தங்கத் தம்பிக்கு,

சுகமா என்று பிறகு கேட்கிறேன். முதலில் இதைப் படி.

தடைக்காலம் முடிந்து படகுகள் வந்துவிட்டன. காசிமேட்டில் கால்வைக்க இடம் இல்லை, அவ்வளவு மீன். அங்கம்மாக்காவிடம் போய்க் கேட்டேன். "சொன்னா சொன்னதுதான்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கெஞ்சவில்லை. கெஞ்சினால் ஏறுகிற ஆளும் இல்லை.

ஐஸ் கம்பெனியில் போய்ப் பேசினேன். பெரம்பூர் மார்க்கெட்டுக்கு ஐஸ் பாளம் கொண்டுபோகும் வேலை கிடைத்தது. பாளம் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். சாக்கு போர்த்தி வேன் முழுக்க அடுக்கினேன். காலையில் தண்டபாணி வண்டியை எடுத்த பிறகுதான் நான் எடுப்பேன். குட்டியானையின் பின்னால் பெண்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்வார்கள்? பின்பக்கம். பாலம் ஏறும்போது அவர்கள் கண்ணுக்கு நேரே வருவது என் வேன்தான். தினமும் அவர்கள் பார்க்கப் பார்க்க, ஐஸ் லோடோடு நெருங்கி வந்து, ஹாரன் அடித்து, முந்திக்கொண்டு போனேன். முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த நாள் இளசு ஒருத்தி கையாட்டினாள். அப்புறம் எல்லாரும் ஆட்டினார்கள், அங்கம்மாக்காவைத் தவிர. அவர் வெற்றிலையை மென்றுகொண்டு என் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குக் காலையில் பாலத்தில் பாதி ஏறியிருப்போம். தண்டபாணி வண்டியை ஓரங்கட்டுவது தெரிந்தது. யாரோ போன் போட்டிருக்கிறார்கள், பெரிய வஞ்சிரம் லோடு. "எல்லாம் எறங்கு, நான் திரும்பணும், ஷேர் ஆட்டோ பாத்து போங்க" என்கிறான். பாலத்து நடுவில்! வெயிலில்! அஞ்சு பெண்கள், அவ்வளவு மீன்!

அங்கம்மாக்கா இறங்கினார். அவனை ஒரு பார்வை பார்த்தார். "நாங்களே எறங்குறோம்டா. இனி நீ காலைப் புடிச்சாலும் ஏற மாட்டோம்" என்றார். ரோட்டுக்கு நடுவே வந்து என் வேனுக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார்.

"நிறுத்துமே!"

பிரேக்கை மிதித்தேன். ஏற்றத்தில் ஓடிவருகிற வண்டி வேறு, ஏற்றத்தில் நின்று கிளம்புகிற வண்டி வேறு. ஏற்கெனவே ஐஸ் லோடு. "அக்கா, மேல போயி நிறுத்துறேன், அங்க ஏறிக்கோங்க" என்றேன்.

"இங்கதான நின்னுச்சு? இங்கேர்ந்தே எடு. பாக்குறேன்."

அன்னக்கூடைகளை ஐஸ் மேலேயே ஏற்றினார்கள். அஞ்சு பேரும் ஏறினார்கள். வேன் குனிந்து தரையைத் தொடப்போனது. பின்னால் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் தலையை நீட்டி, "யம்மா, மீன் மார்க்கெட்டை இங்கயே மாத்திட்டீங்களா?" என்று கத்தினான். தண்டபாணி ரோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், இதோ நிற்கப்போகிறது என்று.

கை பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அம்மனைக் கூப்பிட்டேனா, உன்னைக் கூப்பிட்டேனா, நினைவில்லை. என்ஜின் ஒரு தடவை குரலைத் தாழ்த்தியது. இருமவில்லை. ஜல்லிச் சத்தம் இல்லை. கை பிரேக்கை இறக்கினேன். வேன் பின்னால் ஒரு விரல்கூட நகராமல் முன்னால் ஏறியது, ஜெகதீசா! ஏறியது! மூன்று ப்ளக்கும் ஒன்று விடாமல் அடித்தது. பாலத்து உச்சிக்கு வந்தபோது உள்ளே குலவைச் சத்தம் காதைக் கிழித்தது. நான் அழுதுகொண்டே ஓட்டினேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

மார்க்கெட்டில் இறங்கும்போது அங்கம்மாக்கா, "நாளைக்கு விடிகாலைல வந்துடு. லேட்டு பண்ணாத" என்றார். அவ்வளவுதான். அது போதும்.

லூயிஸைப் பற்றி நீ போன கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. நான் கேட்கவில்லை என்று நினைக்காதே. இப்போது கேட்கிறேன், வேன் யாருக்கு?

சுகமா?

உன் அக்கா,
ரேகா


பாராதீப்
19.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்கும் சட்டைக்கும்தான் சேதம்.

நியாயம் கேட்கிறேன். ஏப்ரல் மாதமே லூயிஸிடம் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல், ஆடியில் நேரில் வந்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போய், உன் பேருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். நீ சந்தோஷத்தில் குதிப்பாய் என்று பார்த்தால், "ஏப்ரல்லயே சொல்லியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்லடா!" என்று அத்தனை பேருக்கு முன்னால் முதுகில் ஒன்று வைத்தாய். சரி, அக்கா அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் காலை. ரயிலுக்கு நேரம் இருக்கிறது, நீ பாலம் ஏற்றுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். முன் சீட்டுக் கதவைத் திறந்தேன். அங்கம்மாக்கா கூடையால் என்னை ஒதுக்கினார். "இது என் சீட்டு நைனா."

"என் வேன் இது" என்றேன், பழக்கத்தில்.

"அப்டியா? ஓனரம்மாவ கேளு" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். எத்தனை வருஷம் உன் இடுப்பில் ஏறிச் சவாரி செய்தவன்! நீ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "பின்னாடி போய் உக்காருடா, டைம் ஆவுது" என்றாய். அஞ்சு பெண்களும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சங்கரா கூடைக்கும் நெத்திலி கூடைக்கும் நடுவில் உட்கார்ந்துதான் பேசின் பிரிட்ஜ் பாலத்தைக் கண்டேன். என்ஜின் பாடியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கப்பல் இழுக்கும் என்ஜினைக் கேட்டுப் பழகின காது என்னுடையது, ஒரு பொறிகூடத் தப்பவில்லை.

சென்ட்ரலில் சட்டை மாற்ற நேரம் கிடைக்கவில்லை. அப்படியே ரயில் ஏறினேன். என் பெட்டியில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், கூடூர் வரைக்கும் ஜன்னலைத் திறப்பதும் மூக்கைப் பொத்துவதுமாக வந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "ஏம்ப்பா, இந்த மீன் வாடை உன்கிட்டேர்ந்தா வருது? எதுல வந்து ஏறுன?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெட்டியிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்:

"எங்க அக்கா வண்டியில சார்."

உன் தம்பி,
ஜெகதீசன்